கொடிக்கால் வாசலில் போன்

எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டோம். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் இலை கிள்ளுகிறார்கள் என்று தெரிந்துவிடும். சில மாதங்களாக என் செருப்பு அங்கே கிடக்கவில்லை, என் காலிலேயே கிடந்தது.

சேலத்துக் கல்யாணங்களுக்கு நேராக இலை அனுப்ப ஆரம்பித்ததால் வந்த வினை. யோசனை என்னுடையதுதான், யாரை நோவது? விடிந்ததும் போன் அடிக்கும். எவ்வளவு இலை, எந்த பஸ்ஸில் ஏற்றுவது, நேற்று வந்த இலைக்கட்டில் ஏன் பழுப்பு என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரருக்குப் போன் என்றாலே ஆகாது. சுடுசட்டியைத் தூக்குவதுபோல எடுத்துவந்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்கோ இலை கிள்ளுவதென்றால் உயிர்.

ஒருநாள் போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே கிள்ளினேன். கட்டைவிரலில் மாட்டியிருந்த இரும்பு நகம் இலையோடு கொடியின் கொழுந்தையும் சேர்த்து நறுக்கிவிட்டது. பக்கத்தில் கிள்ளிக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க வெளியவே நில்லுங்க சாமி. கொடியாச்சும் பொழைச்சுப் போகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் சோறு போடும்போதே வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன்.

"கொடிக்கால் உங்களுக்கு, போன் எனக்குங்களா? காலைல ஒரு மணி நேரம் உள்ள போயிட்டு வாரேன். அந்நேரம் நீங்க பேசுங்க. முடியலீன்னா கல்யாண ஆர்டரே வேண்டாம், பழையபடி மண்டிக்கே போடுவோம்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் கொடிக்கால் வாசலில் செருப்போடு நின்று கையை நீட்டினார். போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். பாதி வரிசைகூட முடியவில்லை, போன் அடித்தது. அந்நேரத்துக்கு அடிப்பது சேலத்துச் சமையல் கான்ட்ராக்டர்தான். நான் எடுக்காவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிற ஆள். என் காது முழுக்க வாசலில் இருந்தது.

"ஆமாங்க, சொல்லுங்க." என்றார் வீட்டுக்காரர். கான்ட்ராக்டர் விலை கேட்கிறார் போல. இப்போது என்னைக் கூப்பிடுவார் என்று நகத்தைக் கழற்றப் போனேன்.

"இல்லீங்க. மொதலாளியம்மா உள்ள வேலையா இருக்கறாங்க. இப்பக் கூப்பிட முடியாதுங்க. வெளிய வந்து அவங்களே பேசுவாங்க." பிறகு, "சரிங்க. அவங்க வந்ததும் சொல்றேனுங்க."

"ஏனுங்க மொதலாளியம்மா, கை நின்னு போச்சு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நகத்தைக் கட்டைவிரலில் அழுத்தி மாட்டிக்கொண்டேன். கொழுந்தில் படாமல் அடுத்த இலையைக் கிள்ளினேன்.