நிலக்கோட்டைப் பக்கம் மார்புக் கட்டி பற்றிப் பேசப் போனது

மார்பகப் புற்றுநோய் பற்றிக் கிராமங்களில் பேசப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். அறுபதுகளில் நான் போன வழியைச் சொல்கிறேன். அப்போது திண்டுக்கல்லில் ஆசிரியை. விடுமுறைகளில் ஒரு மாதர் சங்கத்துக்காகப் பேசப் போவேன். பேச்சை எழுதியது சங்கம், மனப்பாடம் செய்தது நான்.

காலை ஆறேகாலுக்கு பஸ். நிலக்கோட்டைக்குப் பதினைந்து மைல், அறுபது காசு. கால் வைக்க இடமில்லாமல் காலிப் பூக்கூடைகள். "கூடைய மிதிச்சிராதீங்க டீச்சரம்மா" என்றார் கண்டக்டர். என்னை யார் மிதித்தாலும் அவருக்குக் கவலையில்லை. இறங்கி ஊருக்கு இரண்டு மைல் நடை.

பூப்பறித்துவிட்டுப் பெண்கள் வரப் பத்து மணி ஆனது. பேச்சின் கடைசி வரியை உரக்கச் சொன்னேன்: "மார்பில் கட்டி வந்து வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்." மாலை போட்டார்கள். வெட்கமில்லாமல் அதோடு பஸ் ஏறினேன்.

ஏழு மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடி போனேன். கூட்டம் முடிந்ததும் பூப்பறிக்கும் பாண்டியம்மாள் என்னை மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ரவிக்கையைத் தளர்த்தினாள். இடது மார்பில் துணிக்கட்டு. அவிழ்த்தால் வாடிய மல்லிகை. பிள்ளைக்குப் பால் மறக்கடித்ததும் பால் வற்ற மல்லிகை வைத்துக் கட்டுவது அங்கே வழக்கம். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது. பூவுக்கு அடியில் எலுமிச்சை அளவில் கட்டி.

"எப்ப இருந்து இருக்கு?" என்றேன்.

"நீங்க மொதத் தடவ வந்தப்பவே இருந்துச்சு. புளியங்கொட்ட அம்புட்டுத்தான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"வலிச்சா வாங்கன்னுதான சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் வலிக்கவே இல்லியே. பால் கட்டா இருக்கும்னு பூ வச்சுக் கட்டுனேன்."

அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப்போனேன். பரவிவிட்டது, முதலிலேயே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். சங்கத்தில் போய்ச் சொன்னேன். "நல்ல எண்ணத்துலதானே எழுதினோம்" என்றார் தலைவி. அதற்குப் பிறகு அந்தச் சங்கத்துப் படி ஏறவில்லை. ஆனால் அந்த வரியைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

போகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் போகாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். மாலை வாங்காதீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலே, வலி இல்லாவிட்டாலும், வரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்காதீர்கள், கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

பாண்டியம்மாள் கடைசி வரை நம்பினாள். சாவதற்குப் பத்து நாள் முன்னால் ஊர்க்காரர் ஒருவரிடம் எனக்குச் சொல்லி அனுப்பினாள்: "இப்ப வலிக்குதுன்னு டீச்சரம்மாகிட்டச் சொல்லுங்க."