படகில் ஏற்றிய மருந்துப்பெட்டி

றொஷானிக்கு ஞாபகசக்தி இல்லை என்பதை நெடுந்தீவில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒப்புக்கொண்டவளே அவள்தான். அடுப்பை மூட்டிவிட்டு, என்ன சமைக்க வந்தேன் என்று குசினியில் நிற்பாள். கோயிலுக்குக் குடையோடு போய்க் கையை வீசிக்கொண்டு திரும்புவாள். பிறகொரு நாள், மழையே இல்லாத நேரத்தில், யாருடையதோ ஒரு குடையோடு வருவாள். கணவன் றஜீபன் கடலுக்குப் போகும்போது, "நான் வாறதுக்குள்ள என்னையும் மறந்துபோடாதையும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

இப்படிப்பட்டவளுக்குக் கடல் அம்புலன்ஸில் உதவியாளர் வேலை வேண்டுமாம். சிரிக்க வேண்டாம். அந்த வேலை கிடைத்தால் தீவிலேயே இருக்கலாம். இப்போதோ விடியமுன் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, வேலணையில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டு, பொழுதுபடும்போதுதான் வீடு வருகிறாள். மகளுக்கு அவள் தலைவாரி விடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் றஜீபன் பின்னி விடுவான். அது வலை பின்னியவன் பின்னல். அவிழ்ப்பதற்குள் பிள்ளை அழுதுவிடும்.

நேர்முகத்தேர்வில் ஒரு தடவை ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். அம்புலன்ஸ் படகின் மருந்துப்பெட்டியில் எது எங்கே இருக்கிறதென்று, மேலிருந்து கீழ்வரை, பார்க்காமல் வரிசையாகச் சொல்ல வேண்டும். படகு ஆடும்போது பார்வை நோயாளியில் இருக்கும். கை தானாகப் பெட்டிக்குள் போக வேண்டுமல்லவா. றொஷானி கையுறை, கத்தரிக்கோல் என்று சொல்லிவிட்டு, மூன்றாவதில் முகட்டைப் பார்த்தவள்தான். இனி ஒரேயொரு தடவைதான் கூப்பிடுவார்கள்.

வழி கைத்தொலைபேசியில் கிடைத்தது. தெரிந்த ஒரு வீட்டுக்குள் மனதால் நடந்துபோய், அறைக்கறை ஒவ்வொரு பொருளாக வை. கேலிக்கூத்தாக வை, அப்போதுதான் மறக்காது என்று ஒருவர் காணொளியில் சொன்னார். றொஷானியின் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. பெட்டியின் முதல் தட்டுக்கே வீடு நிரம்பிவிட்டது. மறுநாள் படகில் கொட்டாவி விட்டபடி சுற்றிப் பார்த்தவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. வீடு எதற்கு, படகு இருக்கிறதே.

அந்தப் படகில் யார் எங்கே இருப்பார் என்பது எழுதாத சட்டம். விடியப்புறம் துறைக்கு வந்ததும் தங்கள் பையை இருக்கையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அதை நகர்த்துகிற துணிச்சல் ஒருவருக்கும் வராது.

ஏறுபலகைக்குப் பக்கத்தில் கடற்றொழில் சங்கத்துப் பத்திநாதர். றொஷானி மனதுக்குள் அவர் கையில் வெள்ளைக் கையுறையை மாட்டி, மீசையை முறுக்க விட்டாள். அடுத்தது கருவாடு விற்கும் மேரிஜோசப் அக்கா. அவர் கத்தரிக்கோலோடு படகோட்டியின் தாடியைத் துரத்தினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு நிமிர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் அரியநாயகம் ஐயாவுக்கு விழுந்தது வாந்திப் பை. இப்படியே பஞ்சு, பண்டேஜ், ஒட்சிசன் முகமூடி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. குறிகட்டுவான் வருமுன் பெட்டி முழுவதும் படகில் ஏறிவிட்டது. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறந்த நாளிலிருந்து கெட்டுக்கிடந்த தலை ஒரே காலையில் திருந்திவிட்டதே.

"என்ன பிள்ளை, என்ர மூஞ்சியைப் பாத்து முணுமுணுக்கிறீர்?" என்று பத்திநாதர் கேட்டார். சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், படகே இரண்டுபட்டது. "நான் என்ன? நான் என்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தனக்கு வந்ததை அறிந்த அரியநாயகம் ஐயா முகம் கறுத்தார்.

"தபால் கந்தோரிலை எவ்வளவு மரியாதையா இருந்தனான். அந்த ஒட்சிசனை எனக்குத் தரேலாதோ?"

"ஏலாது ஐயா. இனி மாத்தினா எல்லாம் குழம்பிப்போடும்."

தேர்வன்று சோளகக் காற்று எழும்பியிருந்தது. பாதிக் கடலில் ஒரு பக்கமாகத் தண்ணீர் அடிக்க, அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து மற்றப் பக்கம் நெருக்கியடித்தார்கள். பைகளை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. பை நனைந்தால் காயும், இடம் போனால் வராது. மேரிஜோசப் அக்கா பத்திநாதரின் மடியில் விழாத குறை. எல்லோரும் சிரித்தார்கள், றொஷானியும் சிரித்தாள்.

யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டரம்மா, "ம், சொல்லும்" என்றதும்தான் சிரிப்பின் விலை தெரிந்தது. கண்ணை மூடினால் படகு வந்தது. ஆனால் அன்று காலையில் கண்ட படகு. எல்லோரும் ஒரு மூலையில் குவியலாக, கையுறைமேல் பஞ்சும் பஞ்சுமேல் முகமூடியுமாகக் கிடந்தார்கள். யார் முதல், யார் பிறகு, ஒன்றும் தெரியவில்லை. மகளின் சிக்கெடுக்க முடியாத பின்னல் கண்ணில் வந்தது. டொக்டரம்மா பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் குவியலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். நனைந்துகொண்டு, வரிசை குலையாமல், பைகள் இருந்தன. சிப் அறுந்த கறுப்புப் பை, பத்திநாதர். கருவாட்டு ஓலைக்கடகம், அக்கா. மஞ்சள் துணிப்பை, அரியநாயகம் ஐயா. றொஷானி பைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையுறை, கத்தரிக்கோல், வாந்திப் பை, பஞ்சு. வாய் தானாக ஓடியது. கடைசித் தட்டின் மூலையில் இருந்த டோர்ச்சுக்கு வந்தபோது கதிரையிலிருந்தே எழும்பிவிட்டாள்.

"இரும், இரும்" என்றார் டொக்டரம்மா. அவரும் சிரித்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."

அன்று பின்னேரம் குறிகட்டுவானில் படகு முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. அவள் பேசத் தேவையே இருக்கவில்லை; முகத்தைப் பார்த்தே பத்திநாதர் எல்லோருக்கும் சோடா வாங்கப் போய்விட்டார்.

இப்போது காலையில் மகளின் தலையை அவள்தான் வாருகிறாள். குடைகள் இன்னமும் தொலைகின்றன. போன மாதம் பலத்த காற்று நேரத்தில், நெஞ்சுவலி என்று ஒருவரை அம்புலன்ஸ் படகில் ஏற்றினார்கள். வெள்ளைச் சேட்டு, மஞ்சள் துணிப்பை. அரியநாயகம் ஐயாதான். நடுக்கடலில் அவருக்குக் குமட்டியது. றொஷானி ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மற்றக் கையைப் பெட்டிக்குள் விட்டாள். அடுத்த கணம் வாந்திப் பை அவர் வாயடியில் இருந்தது.

சேட்டில் ஒரு சொட்டு விழவில்லை. ஐயா மூச்சு வாங்கி, பையை ஒருதரம் பார்த்தார்.

"இது நானெல்லோ பிள்ளை" என்றார். "நல்ல காலம், மாத்தாமல் விட்டனீர்."