கருவியைச் சந்தேகித்தவர்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சீவரத்தினம், வடிகால் இலாகாவில் கிள்ளான் ஆற்றின் நீர்மட்டத்தைக் கோடாக வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். அந்த இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. அளவு திடீரென ஏறினால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். ஆற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீணாக வெள்ள எச்சரிக்கை கொடுத்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்ததில்லை. சீவரத்தினத்துக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மனைவி குணபூசணிக்குச் சிறுநீரகம் கெட்டது. சீவரத்தினம் அழவில்லை, பழைய கணினி ஒன்று வாங்கினார். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த மருமகன் சிவகுருநாதன் வரைபடம் போடும் நிரல் ஒன்றை டிஸ்கெட்டில் கொண்டுவந்தான். இலவசம். அதன் உள்நிரலும் கூடவே வந்தது. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஒரு கோப்பைத் திருத்த மூன்று கையொப்பம் வாங்கிப் பழகியவருக்கு அந்தச் சுதந்திரம் சற்றே ஒழுக்கக்கேடாகப் பட்டது. ஆனாலும் பயன்படுத்தினார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வர வர, இரத்தத்தில் தேங்கிய கழிவின் எண்களைத் தட்டிச் சேர்த்தார். கோடு மெதுவாக, மரியாதையாக ஏறியது. படம் திரையின் மேற்பாதியில் மட்டும் வந்தது. கீழ்ப்பாதி கறுப்பாகக் கிடந்தது. அரசாங்கத் தாளில் ஓரம் விட்டே எழுதியவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

கிள்ளானில் குணபூசணியைப் பார்த்துவந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் கிளினிக்கில் இருந்த புதுக் கணினியில் அதே டிஸ்கெட்டைப் போட்டபோது, கோடு சுவர் போல எழுந்து நின்றது.

"பாத்தீங்களா அங்கிள்? இதத்தான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். டயாலிசிஸ் வேணும். அதுக்கு முன்னாடி ஆன்டி கையில ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்யணும். அது ரெடியாக ரெண்டு மாசம் ஆகும் லா. இன்னைக்கே சரின்னு சொல்லுங்க."

"உங்கட மெஷின் இழுத்துக் காட்டுது, டாக்டர்."

"மெஷினை விடுங்க அங்கிள். நம்பர் ஒண்ணுதானே?"

எண் ஒன்றுதான். அவர் கையாலேயே தட்டியது. ஆனால் ஆயுள் முழுக்கக் கோட்டையே பார்த்தவருக்கு எண் என்பது சமைக்காத அரிசி. "கொஞ்சம் பொறுங்கோ, சரிபார்த்துப்போட்டுச் சொல்லுறன்" என்று எழுந்துவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தட்டச்சுப் பள்ளியின் கணினியில் போட்டுப் பார்த்தார். அங்கே கோடு இரண்டுக்கும் நடுவில் ஏறியது. மூன்று கருவிகள் மூன்று விதமாகச் சொன்னால், இலாகா வழக்கப்படி வெள்ளம் இல்லை. அவர் உள்நிரலுக்குள் இறங்கினார். நிரல் தானே படம் வரைவதில்லை. அந்த வேலையைக் கிராஃபிக்ஸ் லைப்ரரி என்ற தொகுப்பிடம் விட்டிருந்தது. கணினிக்குள் எந்தத் திரை அட்டை இருக்கிறது என்று அந்தத் தொகுப்பு ஊகித்து, திரையின் உயரத்தை முடிவு செய்யும். கிளினிக்கின் அட்டையைத்தான் அது தவறாக ஊகித்திருக்கிறது என்று சீவரத்தினம் முடிவு கட்டினார். வாரங்கள் போயின. குணபூசணியின் கால்கள் வீங்கின.

"இஞ்சாருங்கோ, டாக்டர் திரும்பவும் ஃபோன் எடுத்தவர். என்ன சொல்ல?"

"பிழை பிடிபடப்போகுது எண்டு சொல்லும்."

"ஆரின்ர பிழை? என்ர பிழையோ, மெஷின்ர பிழையோ?"

அவர் வீட்டுக் கணினியில் நிரலைத் திறந்தார். வட்டம் ஒன்றை வரையச் சொல்லி நிரலுக்குக் கட்டளை கொடுத்தார். எந்த அட்டையிலும் வட்டம் வட்டமாகத்தான் வரவேண்டும். குணபூசணி எட்டிப் பார்த்தாள்.

"வட்டமெண்டு சொல்லுறியள், ஆரோ மேல குந்தின மோதகம் மாதிரியெல்லோ கிடக்கு!" சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

மறுநாள் கிள்ளானுக்குப் போனார். கிளினிக் திரையில் வட்டம் முழு நிலவாக வந்தது. டாக்டர் உள்ளே நோயாளியோடு இருந்தார். கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் வீட்டில் பழுதான கருவியை வைத்துக்கொண்டு அறிக்கை கொடுப்பது முறையல்ல. டிஸ்கெட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

இன்னும் சில வாரம் பிடித்தது. திருத்தம் என்னவோ ஒரே வரிதான். வீட்டுக் கணினியில் வட்டம் வட்டமானது. கீழ்ப்பாதி இருட்டு மறைந்தது. பிறகு மனைவியின் கோட்டை வரவழைத்தார். அது திரையின் அடியில் தொடங்கி உச்சியை முட்டியது.

உடனே டாக்டரை அழைத்துச் சரி என்றார். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. நுரையீரலில் நீர் கோத்து, அந்தத் தேதிக்கு முன்பே குணபூசணி போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த பிறகு சிவகுருநாதன் அந்தத் திருத்தத்தை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தான். நிரலை எழுதியவர்கள் மகிழ்ந்து போனார்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகவும், பிழையைக் காட்டிக்கொடுத்த எண்களையே மாதிரிப் படமாக வைக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். அவை எதை அளந்தவை என்று கேட்டிருந்தார்கள்.

"என்ன எழுதட்டும் மாமா?"

சீவரத்தினம் அலுவலகத்தில் பொய்யாக ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

"கிள்ளான் ஆற்று நீர்மட்டம் எண்டு எழுது."