மச்சானை ஜெயிக்கலாமா

வீடு குடிபோன பத்திரிகையை நான் ஆறு தடவை சரிபார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப்பிழை என்றாலே எனக்குப் பயம். கால், கொம்பு, ஒற்று என்று ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. மச்சான் பெயர் மட்டும் இல்லை. இருக்கிற பெயர்களைத்தான் பார்த்தேனே தவிர, இல்லாத பெயரைச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் என் மனைவிக்கு ஒரே அண்ணன். சிங்கப்பூரில் வேலை. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பார்த்த அன்றே என்னை பிளாக் செய்துவிட்டார். தங்கைக்கு மட்டும் போன் பண்ணினார். அவள் எடுக்கவில்லை.

"எம் புருசங்கிட்ட பேசாத ஆளு எங்கிட்ட மட்டும் எதுக்குப் பேசணும்?"

இப்படியே ஒரு வருடம் போனது. அதற்குள் மகளுக்கு மூன்றாவது வயது வந்துவிட்டது. ஒற்றைப்படை வயதில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவோம். ஆடியில் நான்கு பிறந்துவிடும். அப்புறம் ஐந்துக்குக் காத்திருக்க வேண்டும். மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்கள் நாலு பேர் ஆலங்குடியிலேயே இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர் மடியில் வைத்தால் என்ன என்று பயந்து பயந்து கேட்டேன்.

"எங்கண்ணன் மடி இல்லன்னா காதே குத்த வேணாம். புள்ள மூளிக் காதோட திரியட்டும், ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு."

நான் ஆலங்குடியில் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் எனக்கு அடுத்த வண்டிக்காரர், சிங்கப்பூரில் மச்சானோடு ஒரே அறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு மத்தியானம் லோடு இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது போனில் பூதங்களைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

"கார்டு கேமு. ஒங்க மச்சான் காட்டிக் குடுத்ததுதான். அவரு தெனம் ஆடுவாரு. இந்தா, நேத்து ஆடுனதப் பாருங்க."

"அவரு ஆடுனத நாம எப்புடிப் பாக்குறது?"

"பிளாக்செயினுங்க. எந்தக் கார்டு யாருது, யாரு ஜெயிச்சா, யாரு தோத்தா, எல்லாம் பதிவாயிரும். ஒலகம் பூரா கம்ப்யூட்டர்ல கெடக்கும். யாரும் பாக்கலாம், ஒருத்தரும் அழிக்க முடியாது."

ஐந்நூறு பத்திரிகை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தவனுக்கு அழிக்க முடியாததைப் பற்றித் தெரியாதா என்ன. ஆனால் எல்லாப் பக்கமும் என்னை அடைத்துவிட்ட மனிதர் இங்கே திறந்து கிடந்தார். அன்றைக்கே சேர்ந்தேன்.

சேர்ந்ததும் கணக்குக்குச் சாவி என்று பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் கொடுத்தார்கள். தொலைத்தால் கார்டுகள் போய்விடும், பிறர் பார்த்தாலும் போய்விடும் என்றார்கள். கவலைப்படுகிறவன் கையில் கொடுக்கிற பொருளா அது. பார்த்து வரைந்து மூன்று தாளில் எழுதி, ஒன்றை சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். வெள்ளிக்கிழமை மனைவி அதை எடுத்து, ஏதோ மந்திரம் என்று நினைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மறுபடியும் அங்கேயே வைத்திருந்தாள்.

ஆட்டத்தில் எனக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் வண்டி நம்பரையே போட்டேன்.

"ஒங்க வண்டி நம்பரு மச்சானுக்குத் தெரியாதா?" என்று பக்கத்து வண்டிக்காரர் சிரித்தார்.

அந்த வண்டியை வாங்கும்போது கூடவே நின்றவர் மச்சான். பெயரை மாற்ற முடியாதாம். ஆக நான் அவரைப் பார்க்கலாம், அவரும் என்னைப் பார்க்கலாம். நான் தோற்பதெல்லாம் அவர் கண் முன்னால்தான் நடக்கும்.

நடந்தது. சண்டைக்கு முன்னால் ஆறு கார்டுகளை வரிசையாக நிறுத்த வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம். நிறுத்தியதோடு நம் வேலை முடிந்தது. அப்புறம் அவை தாமாக அடித்துக்கொள்ளும், நாம் பதறிக்கொண்டு பார்த்திருக்கலாம். பதறுவதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. தொடர்ந்து இருபத்தேழு ஆட்டம் தோற்றேன்.

"நல்ல கார்டு ரெண்டு வச்சிருக்கீங்களே, அத ஏன் எறக்க மாட்டேங்கிறீங்க?"

"செத்துப்போச்சுன்னா?"

பக்கத்து வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "செத்தா அந்த ஆட்டத்துக்குத்தாங்க சாவும். கார்டு ஒங்ககிட்டதான் இருக்கும்."

நான் நம்பவில்லை. மச்சானின் ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அவருடைய ராட்சசன் ஒருவன் காலையில் செத்து, மத்தியானம் முன்வரிசையில் நின்றான். அதன் பிறகுதான் என் கார்டுகளை வெளியே விட்டேன்.

மச்சானைப் பார்த்தேதான் ஆட்டம் கற்றேன். எந்தப் பூதத்துக்குப் பின்னால் வைத்தியக் கிழவியை நிறுத்துகிறார், எப்போது வில்காரனை ஒளிக்கிறார் என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் சோறு போடும்போது மனைவி சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு அண்ணன் ஜெயிச்சுச்சா?"

"மூணு ஜெயிச்சு ஒன்னு தோத்தாரு."

"ஒடம்புக்கு ஒன்னும் இல்லைல?"

"அது பிளாக்செயின்ல போட மாட்டாங்க."

"ஆடுதுல்ல. அப்ப நல்லாத்தான் இருக்கும்."

மாசியில் எனக்கும் ஆட்டம் பிடிபட்டது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மச்சான் பெயரில் எனக்கு ஒரு சவால் வந்தது. ஒரு வார்த்தை இல்லை, வெறும் அழைப்பு.

"தோத்துருங்க," என்றார் பக்கத்து வண்டிக்காரர். "மனுசன் குளுந்துருவாரு."

வேண்டுமென்றே தோற்றால் அதுவும் பதிவாகும். ஆறு மாதமாக என்னைக் கவனிக்கிறவருக்கு அது தெரியாமல் போகுமா. பாவம் பார்த்தான் என்று அதற்கொரு ஒன்றரை வருடம் கோபித்துக்கொள்வார். ஜெயித்தால், பெயரையும் போடாமல் தலையிலும் ஏறிவிட்டான் என்பார். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் இரண்டு நிமிடத்தில் பத்து விநாடிதான் மிச்சம். கை தன்பாட்டுக்கு வண்டியில் லோடு ஏற்றுவது போல ஏற்றிவிட்டது. கேபின் பக்கம் கனம், நடுவில் முட்டைத் தட்டு மாதிரி மெலிந்தவை, கடைசியில் அணைப்புக்கு ஒரு பாறைப் பூதம்.

மச்சானின் ஆட்கள் வழக்கம்போலப் பின்பக்கமாக வந்தார்கள். பாறையில் மோதி ஒவ்வொருவராக விழுந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

அன்று அவர் மறுபடி ஆடவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பாடு போடும்போது மனைவி சட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஒங்கள யாரு ஜெயிக்கச் சொன்னா?"

"கை செஞ்சிருச்சு."

"நல்ல கை. பத்திரிகைல பேரு விட்டதும் அந்தக் கைதான?"

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, கீரமங்கலத்துக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மாப்ள, அந்தப் பாறையக் கொண்டுபோயி எவனாச்சும் கடைசில வைப்பானா?"

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மச்சான் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. பத்திரிகைக்கு மன்னிப்புக் கேட்கவென்று நான் பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"முட்டத் தட்டு சாயாம இருக்க, பின்னால ஒரு மூட்டைய அணைச்சு வைப்போம்ல மச்சான்."

கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தேன்.

"மூணு நாளா அதத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்குறேன்," என்றார். "லோடு ஏத்துனீங்களாக்கும். சரி. வைகாசில பத்து நாள் லீவு கேட்டிருக்கேன். புள்ளைக்குக் காது குத்த நாள் பாத்துட்டீங்களா, அதுவும் என்னய விட்டுட்டா?"

"நீங்க இல்லாம எப்புடி மச்சான்."

"அவளப் போன எடுக்கச் சொல்லுங்க."

தேங்காயை இறக்கிவிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, மனைவி மகளின் காது மடலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பைக் காட்டவில்லை.

"அண்ணன் பேசுச்சு. அன்னைக்கு அங்கிட்டு நெட்டு சரியில்லையாம், அதனாலதான் நீங்க ஜெயிச்சீங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். நீங்களும் வைகாசி முடியிற வரைக்கும் அப்புடியே சொல்லுங்க."