மூலை இல்லாத வட்டம்

சுதர்சினி டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது, பெரஹரா திருவிழா விடுமுறைக்காகக் கண்டியில் பள்ளிக்கூடங்களை மூடிய வெள்ளிக்கிழமை. மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஆசிரியர் அறையில் தேநீர், பற்றீஸ், இரண்டு பொய்யான பேச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. அவருக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை. குடையையும் ஒரு கறுப்புத் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினார். ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான மங்களேஸ்வரி மிஸ் ஜன்னலால் அதைப் பார்த்துவிட்டு, இனியாவது எங்கள் காது பிழைக்கும் என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஒரு சொல்லைச் சொல்ல மறுத்ததற்காகத்தான் அவர் போக வேண்டி வந்தது.

நான் அப்போது பல வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டுக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள குண்டசாலைக்குத் திரும்பியிருந்தேன். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், அந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக ஆங்கிலம் படிப்பித்தேன். என் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். முதல் வாரமே அந்தப் பக்கத்துச் சத்தம் தாங்காமல் எட்டிப் பார்த்தேன்.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா, மிஸ்?" என்றார். "உலகமெல்லாம் சுத்திட்டு வந்தவங்களுக்கு இங்க என்ன இருக்கு? ஒரு பையும் இந்தப் பிள்ளைங்களும்தான்."

அவர் இனிமையான மனுஷி இல்லை. யாராவது சுகம் விசாரித்தால், ஏன், நோயாளி மாதிரி இருக்கிறேனா என்பார். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்தே தினமும் விடியக் கிளம்பி வந்து போனவர். பஸ்ஸில் இடிபட்ட கோபம் முதல் மணி அடித்த பிறகும் முகத்தில் இருக்கும். ஆசிரியர் அறையில் அவருடைய கதிரை கதவோரம். மழை பெய்தால் தூவானம் அடிக்கிற இடம். தள்ளி உட்காருங்கள் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவராகவே ஒரு விஷயம் சொன்னார். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் அவரை எழுப்பி, ல, ள, ழ மூன்றையும் சொல்லிக்காட்டச் சொன்னாராம். தோட்டத்துப் பிள்ளை என்பதால் அவரை மட்டும். அவர் சொல்லச் சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எழுத்துச் சொல்லிக்காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டாராம். இதைச் சொல்லிவிட்டு, நான் ஆறுதல் சொல்ல வாயெடுக்கும் முன் பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விடும். உள்ளே டின் மூடி, கெரம் காய், விதவிதமாக வெட்டிய அட்டைத் துண்டுகள். கையில் அகப்பட்டதைத் தடவிப் பார்த்ததும் பிள்ளை அந்த உருவமாகவே மாறிவிட வேண்டும். பெயரை மட்டும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் துருவுவார்கள். உனக்கு எத்தனை பக்கம்? எல்லாம் ஒரே நீளமா? எத்தனை மூலை? கடைசியில் பிள்ளை, எனக்கு மூன்று மூலை, நான் யார் என்று கேட்கும். முக்கோணம் என்ற கத்தலில் என் வகுப்பின் கரும்பலகை அதிரும்.

"சதுரம் ஒண்ணு தெல்தோட்டை பஸ்ஸில ஏறி, நெரிபட்டு, கண்டியில எறங்குச்சு," என்பார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "இப்ப அது யாரு?" செவ்வகம் என்று பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள்.

மங்களேஸ்வரி மிஸ்ஸுக்கு அது சந்தைக்கடை. புத்தகத்தில் உச்சி என்று இருக்க, ஏன் மூலை என்று சொல்லிக்கொடுக்கிறீர் என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். நீங்கள் பிள்ளைகளைத் தண்டனைக்கு நிறுத்துகிற இடத்துக்கு உச்சி என்றா பெயர் என்று சுதர்சினி திருப்பிக் கேட்டார். அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது.

அந்த வகுப்பில் ஆரபி என்று ஒரு பிள்ளை. பேச்சுப் பிந்தி வந்த பிள்ளை. வகுப்பில் வாயே திறப்பதில்லை. மேல் முன்பற்களும் விழுந்திருந்தன. ஒரு நாள் அவளாகவே எழுந்து வந்து பைக்குள் கையை விட்டாள். டின் மூடியை நெடுநேரம் தடவினாள். பிறகு, எனக்கு மூலை இல்லை, நான் யார் என்றாள். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. வட்டம் என்று வகுப்பு கூச்சலிட்டது. அவள் அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். பல்லில்லாத வாயால் அவள் நடு அறையில் நின்று, எனக்கு மூளை இல்லை என்று சொன்னதாகத்தான் அவர்களுக்குக் கேட்டது. நான் யார் என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு மாமா சிரித்துவிட்டார். யார் சொல்லித் தந்தது என்று அப்பா கேட்டதற்கு, டீச்சர் என்றாள். அப்பா றமணன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர். மகளைப் பற்றி அந்த வார்த்தையைச் சொந்தக்காரர் வாயால் முன்பே கேட்டு நொந்திருந்தவர். மறுநாள் காலையில் பள்ளி அதிபர் ஜமால்தீன் சேரின் அறையில் நின்றார்.

பக்கத்து வகுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அது விளையாட்டு, சொன்னது மூலைதான் என்று நான் சொன்னேன். மங்களேஸ்வரி மிஸ் தலையாட்டிவிட்டு, பிள்ளையின் காதில் பிழை இருக்காது, சொல்லிக்கொடுத்த நாக்கில்தான் இருக்கும் என்றார். தோட்டத்துத் தமிழில் இரண்டும் ஒன்றுதானே என்றும் சேர்த்துக்கொண்டார். ஜமால்தீன் சேருக்கு விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதும். இரண்டு சொல்லையும் வித்தியாசமாகச் சொல்லிக்காட்டினால் வகுப்பு சுதர்சினியிடமே இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றார்.

"ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ பாப்பம்," என்றார் மங்களேஸ்வரி மிஸ். "மூலை. மூளை. பிள்ளையளுக்குச் சொல்லுறதுதானே."

சுதர்சினி றமணனைப் பார்த்தார். "உங்க பிள்ளை இத்தன நாளும் வாயே தெறக்கல. அன்னைக்கித்தான் தெறந்துச்சு. நீங்க எழுத்த மட்டும் கேட்டிருக்கீங்க, சேர்."

"என்ர பிள்ளையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை."

"ரெண்டு சொல்லுதானே டீச்சர்," என்றார் ஜமால்தீன் சேர். "சொல்லிட்டுப் போங்களேன்."

நானும் சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னை முறைத்த முறைப்பில் மற்ற மூன்று பேருக்கும் உரியதும் இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றார்.

தெரியாததால்தான் சொல்லவில்லை என்று முடிவாயிற்று. இரண்டாம் வகுப்பை மங்களேஸ்வரி மிஸ்ஸே எடுத்துக்கொண்டார். ஆசிரியர் வராத வகுப்புகளில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது சுதர்சினியின் வேலை ஆயிற்று. அவர் மாற்றல் கேட்டார். கிடைத்ததும் போனார்.

மங்களேஸ்வரி மிஸ்ஸிடம் மூலை என்றால் திட்டு விழும் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். ஆரபி திரும்பவும் ஊமையாகிவிட்டாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. இடைவேளைகளில் மங்களேஸ்வரி மிஸ்ஸின் பெரிய கொண்டைத் தலையைப் பின்னாலிருந்து சுட்டிக்காட்டி, எனக்கு அது இல்லை, நான் யார் என்று எல்லாரிடமும் கேட்டுத் திரிந்தாள். எது இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வருடக் கடைசியில் கல்வி வலய அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. செயல்முறைக் கற்பித்தலைப் பார்க்க வருகிறார்களாம். மங்களேஸ்வரி மிஸ் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுதர்சினியின் அந்தப் பையை ஒரு நாளுக்கு மட்டும் வாங்கித் தர முடியுமா, தான் கேட்டால் அவ தரமாட்டா என்றார். குரலில் கொஞ்சமும் கூச்சமில்லை. அவர் சொன்னதை அப்படியே சுதர்சினியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உருவங்களைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கொஞ்ச நாளில் நானும் அந்த வேலையை விட்டேன்.

மறுபடியும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கேட்டதையே நான் மறந்திருந்தபோது, அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் தகரக் கூரையில் மழை. பிள்ளைகளின் சத்தம்.

"பை என்கிட்டத்தான் இருக்கு. குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மூலை," என்றார். பிறகு, "மூளை." இரண்டும் தனித்தனியாக, கத்தியால் வெட்டிய மாதிரி.

"இது உங்களுக்கு மட்டும், மிஸ். அவங்களுக்கு அனுப்பிறாதீங்க."