மூன்று தரம் சேவ் பண்ணச் சொன்னவர்

நாகலிங்கத்தோடு ஒரே அறையில் வேலை செய்தவர்களுக்குப் பொறுமைக்கென்று தனிச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். பண்டத்தரிப்பில் பிறந்து, கொழும்பில் கம்பியூட்டர் படித்து, எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர். அதன்பிறகு எதையும் இழக்க அவருக்கு மனம் வராது. சோற்றுப் பார்சலைக்கூட இரண்டு பையில் போட்டுத்தான் கொண்டுவருவார்.

எண்பத்தொன்பது கடைசியில், நெல்லியடியில் எங்கள் அச்சக முதலாளி நமசிவாயம் பஞ்சாங்க வேலைக்கு நாலு கம்பியூட்டர் வாங்கினார். மூன்றில் நாங்கள் தட்டுவோம். தட்டியதெல்லாம் கம்பி வழியே நாலாவதான பெரிய மிசினில் போய்ச் சேரும். இணைத்தவர் நாகலிங்கம். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். லைட் கொஞ்சம் மங்கினால் போதும், "எல்லாரும் மூண்டு தரம் சேவ் பண்ணுங்கோ!" என்று கத்துவார். நாங்களும் பேய் பிடித்தவர்கள்போல் அமுக்குவோம்.

தை மாதம் வில்லங்கம் தொடங்கியது. பிழை திருத்துகிற கிறிஸ்தவப் பெண் யசிந்தா ஒரு முகூர்த்த நேரத்தைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவாள். காலையில் பார்த்தால் பழைய பிழை அப்படியே இருக்கும்.

"நான் திருத்தினனான் அண்ணை."

"மிசின் பொய் சொல்லாது பிள்ளை. வேதக்காரருக்கு முகூர்த்தத்தைப் பற்றி என்ன கவலை?"

எல்லோருக்கும் முன்னால் நாகலிங்கம் இப்படிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமசிவாயம் அவளை அன்றைக்கே வேலையிலிருந்து நிற்பாட்டினார். தகப்பனில்லாத வீடு, அவளுடைய உழைப்பில்தான் அடுப்பெரிந்தது.

பிறகு நாகலிங்கமே அவளுடைய கதிரையில் இருந்து திருத்தினார். லைட் மங்கியது, கத்தினார், அமுக்கினோம். உடனே ஒரு நேரத்தைத் திருத்தி மறுபடியும் சேவ் பண்ணினார். மறுநாள் அவர் திருத்தியதும் இல்லை! நாலு நாள் கம்பியைக் கழற்றிப் பூட்டி எங்கள் உயிரை எடுத்தார். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாலேஸ்வரி, 'கிடைச்சுது' எண்டு பெரிய மிசின் பதில் சொல்லப் பிந்தினால், சின்ன மிசின் அதையே திருப்பி அனுப்புது. எல்லாரும் ஒண்டாய் அமுக்க, கம்பியிலை நெரிசல். திருத்தினது முதல் போய்ச் சேருது. திருப்பி அனுப்பின பழசு பிந்தி வந்து அதுக்கு மேலை ஏறிக் குந்துது."

"அப்ப எங்களுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?"

"நீங்கள் புதுசாய்த் தட்டுறியள். அதையே திருப்பி எழுதினால் என்ன? திருத்துற ஆளுக்குத்தான் அடி."

"மூண்டு தரம் அமுக்கச் சொன்னது ஆர்?"

அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு யசிந்தா வீட்டுக்குப் போனார். அவள் வாசல் படலையிலேயே மறித்துவிட்டாளாம். "அங்கை எல்லாருக்கும் முன்னாலைதானே பேசினனீங்கள்? அங்கையே வந்து சொல்லுங்கோ."

மறுநாள் அவள் வந்தாள். நாங்கள் எல்லோரும் கூடி நின்றோம், நமசிவாயமும் நின்றார். நாகலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி, "பிழை யசிந்தாவிலை இல்லை. நான் சொல்லித் தந்த பழக்கத்தாலை வந்தது. வேதக்காரர் எண்டு கதைச்சதும் பிழை" என்றார்.

யசிந்தா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்கேல்லை அண்ணை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் தலையை நிமிர்த்தி, சத்தமாக, முழுவதையும் திரும்பச் சொன்னார்.