என் பெயரில் மூன்று வீடுகள்

என் கணவர் இறந்தபோது டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த மூன்று வாடகை வீடுகள் என் பெயருக்கு வந்தன. ஒன்றில் மாட்டுவண்டி ஓட்டுபவர் மனைவியோடு இருந்தார். நடுவீட்டில் சீனத் தச்சர் ஒருவரின் குடும்பம். கடைசி வீட்டில் சாப்பாட்டுக்கடையில் சமைக்கும் முஸ்லிம் பெரியவர். மூன்று வீட்டுக்கும் பின்புறம் ஒரே கிணறு, அதன் பக்கத்திலேயே கக்கூஸ்.

அடுத்த மழைக்காலத்தில் வண்டிக்காரரின் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. அது குறையும் முன்பே தச்சரின் மகளும் படுத்துவிட்டாள். முனிசிபாலிட்டியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றுநீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் உத்தரவு வந்தது. கக்கூஸின் கசிவு கிணற்றில் கலக்கிறது. கிணற்றை மூடி, குழாய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தவறினால் வீட்டுச் சொந்தக்காரர் மேல் வழக்கு.

என் கொழுந்தன் அதைப் படித்துக் காட்டிவிட்டு, குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி, இடத்தை ஒரு தவுக்கே முதலாளியிடம் விற்றுவிடலாம் என்றார். கோர்ட்டுக்கு அலைய என்னால் ஆகாது என்பது அவர் கவலை. எனக்கும் ஒரு கணம் அதுதான் சரியென்று பட்டது. அன்று மாலை வண்டிக்காரரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாயில் படுத்தபடியே, "எங்கள அனுப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டாள். என் வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் படுத்தவள். அவளை எங்கே அனுப்புவது?

மறுநாள் கொழுந்தனைக்கூட அழைக்காமல் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணி தமிழர். ஆம்பளை யாரும் வரவில்லையா என்று கேட்டார்.

"வீடு என் பேர்லதான் இருக்கு. கேஸ் போட்டா என்னத்தானே கூப்புடுவீங்க? அப்ப என்ன செய்யணும்கிறதையும் எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னென்ன செய்ய வேண்டும், யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கக்கூஸைத் தள்ளிக் கட்டுவதும், வேலை முடியும்வரை குடிதண்ணீருக்கு வழி செய்வதும் என் பொறுப்புதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆள் வைத்தேன். கக்கூஸைத் தள்ளிக் கட்டவைத்தேன். கிணற்றை மூட மண் வண்டி வந்த அன்று தச்சர் கிணற்றடியில் நின்று மறித்தார். தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, துணி துவைக்கவாவது விட்டுவையுங்கள் என்று மலாயில் வாதாடினார். நான் அவரை உள்ளே அழைத்துப்போய், இன்னும் காய்ச்சலில் கிடந்த அவர் மகளின் பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே வெளியே வந்து மண்வெட்டி கேட்டார்.

குழாய் போட வந்தவர் வாசலோடு நிறுத்தப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் தனிக் குழாய் வேண்டும் என்றேன். சிந்தும் தண்ணீர் தேங்கினால் அதுவும் நோய்தான் என்று சொல்லி, பின்புறம் கழிவுநீர் ஓடும் லோங்கானைச் சிமெண்டு பூசி ரோட்டோர வாய்க்கால் வரை இழுக்கவைத்தேன். கையிலிருந்த பணமெல்லாம் இதில் போனதால் அந்த வருஷம் நான் குடியிருந்த வீட்டுக்கு ஓடு மாற்ற முடியவில்லை. மழை பெய்தால் ஒழுகும் இடத்துக்கெல்லாம் அண்டாவை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது இரண்டு நோயாளிகளும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மூன்று குழாயையும் திறந்து பார்த்தார், லோங்கான் ஓரமாக ரோடுவரை நடந்தார். திரும்பி வந்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற என் கொழுந்தனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொழுந்தன் கையை விடுவித்துக்கொண்டு என் பக்கம் காட்டினார்.

"நான் இல்ல துவான். அவங்கதான் வீட்டுக்காரங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அந்த நிமிஷம் நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்று வண்டிக்காரரின் மனைவி பிற்பாடு நடித்துக் காட்டுவாள்.

அடுத்த வாரம் பக்கத்து வரிசை வீடுகளின் சொந்தக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்கும் அதே உத்தரவு வந்திருந்தது; என்னென்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அவரைப் பின்புறம் அழைத்துப்போய் முதலில் லோங்கானைக் காட்டினேன்.